இருண்ட சித்திரம்: ஓர் ஆங்கிலத் தொடரும் பர்மா நகரத்தார் வரலாறும்

‘பெயிண்ட் எ கிரிம் பிக்சர்’ என்பது, ஒரு நிலைமையை அச்சம் தருவதாகவோ நம்பிக்கைக்கு இடமில்லாததாகவோ எடுத்துச் சொல்வதைக் குறிக்கும் ஆங்கில மரபுத்தொடர். ‘கிரிம்’ வரும் இடத்தில் ‘ப்ளீக்’, ‘குளூமி’, ‘டார்க்’ ஆகிய சொற்களும் வரும். பொருளாதார அறிக்கை, போர்ச் செய்தி, வறட்சிக் கணக்கு, வரலாற்று நூல் எல்லாவற்றிலும் இத்தொடர் புழங்குகிறது. தமிழ் நாளிதழ்களும் மாணவர் கட்டுரைகளும் இதை ‘இருண்ட சித்திரத்தைத் தீட்டுகிறது’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்து எழுதுகின்றன.

தொடர் சிறியதுதான். ஆனால் கவனமின்றிக் கையாண்டால் ஒருவர் சொன்னது ஊரே சொன்னதாகவும், சொன்னது நடந்ததாகவும் மாறிவிடும். இதற்குச் செட்டிநாட்டில் இருப்பவர்கள் வெளியே போய் உதாரணம் தேட வேண்டியதில்லை. பர்மாவில் வட்டிக்கடை நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தாரைப் பற்றி எழுதப்பட்டவையே போதும்.

தொடரின் பொருள்

இத்தொடரில் ‘பெயிண்ட்’ என்பது தூரிகை வேலை அன்று. சொல்லால் வரைந்து காட்டுதல் என்னும் பொருள் அச்சொல்லுக்கு ஆங்கிலத்தில் பல நூற்றாண்டுகளாக உண்டு. ஆகவே சுவரில் மாட்டிய சோகமான ஓவியத்தைப் பற்றிப் பேச இத்தொடர் உதவாது. ஒரு விவரிப்பைப் பற்றிப் பேசவே உதவும்.

விவரிப்பு என்றால் விவரிப்பவர் ஒருவர் வேண்டும். இதுதான் தொடரின் உயிர்நிலை. அறிக்கை, சாட்சி, புள்ளிவிவரம், நாவல், நிருபர் என்று எதுவும் எழுவாயாக வரலாம். வறட்சி வரக்கூடாது. ‘வறட்சி இருண்ட சித்திரத்தைத் தீட்டியது’ என்று எழுதினால் வறட்சிக்கு வாய் முளைத்ததாக ஆகிவிடும். வறட்சி பயிரைக் கருக்கும். அதைப் பற்றிய அறிக்கைதான் சித்திரம் தீட்டும். விடைத்தாள் திருத்திய காலத்தில் நான் மிகுதியாகச் சிவப்பு மை செலவிட்ட இடங்களில் இது ஒன்று. ஆங்கிலத்தில் எழுதும் மாணவர்கள் ‘எ’ என்னும் சிறு சொல்லை விட்டுவிடுவது இன்னொன்று. எதைப் பற்றிய சித்திரம் என்பதற்கு ‘ஆஃப்’ போட வேண்டும். ‘அபவுட்’ போடுவது பிழை.

‘ப்ளீக்’ என்பதும் ‘கிரிம்’ என்பதும் ஒன்றல்ல. ‘ப்ளீக்’ என்னும் சொல்லில் மரம் மட்டை இல்லாமல் காற்று மட்டும் வீசும் பொட்டல்வெளியின் சாயல் உண்டு. எனவே எதிர்பார்ப்பு அற்றுப்போன நிலைக்கு அது பொருந்தும். விலை வீழ்ச்சி, வேலையின்மை, விளைச்சல் இல்லாமை போன்றவை அந்த வகை. ‘கிரிம்’ அதைவிடக் கடுமையானது. சாவு, பட்டினி, போர் ஆகியவற்றின் கொடுமை அதில் நிற்கும். நெல் விலை சரிந்ததற்கு ‘ப்ளீக்’. வழியில் பிணங்கள் கிடந்ததற்கு ‘கிரிம்’. இரண்டுக்கும் பர்மாவிலேயே உதாரணம் இருப்பதைப் பின்னால் காணலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, இத்தொடரைப் பயன்படுத்துபவர் சித்திரம் உண்மை என்றும் சொல்வதில்லை, பொய் என்றும் சொல்வதில்லை. ‘இவர் இப்படிக் காட்டுகிறார்’ என்று மட்டும் சொல்லிச் சற்று விலகி நிற்கிறார். சில இடங்களில், ‘கொஞ்சம் மிகையாகக் காட்டுகிறாரோ’ என்ற மெல்லிய ஐயமும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

தமிழில் எப்படிச் சொல்வது

‘சித்திரி’ என்ற வினையே சித்திரத்திலிருந்து பிறந்ததுதான். (பலரும் ‘சித்தரி’ என்று எழுதுகிறார்கள். சித்திரத்திலிருந்து வந்தது என்பதை நினைவில் வைத்தால் எழுத்துப்பிழை நேராது.) ‘படம்பிடித்துக் காட்டுகிறது’ என்பதும் நம் வழக்கில் உண்டு. ஆனால் தமிழ்க் காதுக்குச் சித்திரம், ஓவியம் என்றாலே அழகு என்ற எண்ணம் வந்துவிடுகிறது. ‘சித்திரம் போல இருக்கிறாள்’ என்றால் புகழ்ச்சி. ‘சொல்லோவியம்’ என்றால் பாராட்டு. அதனால்தான் ‘இருண்ட சித்திரம் தீட்டியது’ என்பது இலக்கணப்படி சரியாக இருந்தும் தமிழோடு ஒட்டாமல் நிற்கிறது.

ஆங்கிலத் தொடர் செய்யும் வேலையைச் செய்யத் தமிழில் இன்னொரு கருவி இருக்கிறது. அது ‘-ஆக’ என்னும் சின்ன உருபு. ‘அங்கே கொடுமை நடந்தது’ என்றால் எழுதுபவரே அதற்குப் பொறுப்பேற்கிறார். ‘அங்கே கொடுமை நடந்ததாகச் சாட்சி சொன்னார்’ என்றால் பொறுப்பு சாட்சியிடம் போய்விடுகிறது. பேச்சுவழக்கில் இதற்கும் சுருக்கமான வழி உண்டு. ‘பர்மாவில் பெரிய கடையாம், கண்ணுக்கெட்டிய மட்டும் வயலாம்’ என்று எங்கள் பக்கத்து ஆச்சிமார் சொல்லும்போது அந்த ‘-ஆம்’ ஒன்றே, ‘நான் பார்க்கவில்லை, கேட்டதைச் சொல்கிறேன்’ என்று அறிவித்துவிடுகிறது. ஆங்கிலத்தில் ஐந்து சொல் தேவைப்படும் வேலை இது.

எனவே, ‘மிக மோசமான நிலையில் இருப்பதாக அறிக்கை கூறுகிறது’, ‘கொடியவர்களாகச் சித்திரிக்கிறது’, ‘நம்பிக்கைக்கு இடமில்லை என்பதாகக் காட்டுகிறது’ என்று எழுதினால் பொருள் சரியாக வந்துவிடும். சித்திரம் என்ற சொல் வந்தே தீர வேண்டும் என்பதில்லை. சொன்னவர் யார் என்பதுதான் வர வேண்டும்.

பர்மாவில் நகரத்தார்

1852-இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. ஐரோப்பாவுக்கு அரிசி அனுப்பும் வழி சுருங்கியதும் ஐராவதி ஆற்றுக் கழிமுகத்துச் சதுப்புக்காடுகள் வயல்களாக மாறத் தொடங்கின. 1850-களில் 10 லட்சம் ஏக்கருக்கும் குறைவாக இருந்த கீழ்ப் பர்மாவின் நெல் பரப்பு 1930-களில் 80 லட்சம் ஏக்கரைத் தாண்டியது. காடு வெட்டவும், மாடு வாங்கவும், அறுவடை வரை சாப்பிடவும் விவசாயிக்குப் பணம் வேண்டும். ஐரோப்பிய வங்கிகள் அவனுக்குக் கொடுக்கவில்லை. கொடுத்தவர்கள் செட்டிநாட்டிலிருந்து போனவர்கள்.

செட்டிநாட்டின் 96 ஊர்களிலிருந்து ‘கொண்டுவிக்க’ப் போனவர்கள் என்று ஊரில் அவர்களைச் சொல்வார்கள். பெட்டியடிப் பையனாகக் கடையில் சேர்ந்து, அடுத்தாளாகி, பிறகு ஏஜெண்டாக உயர்வது வழக்கம். மூன்று ஆண்டுக்குச் சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டு கப்பல் ஏறுவார்கள். குடும்பம் ஊரிலேயே இருக்கும். ரங்கூனில் மொகல் தெரு அவர்கள் இருப்பிடம். அங்கே கூடித்தான் தங்களுக்குள் கொடுக்கல் வாங்கலுக்கான நடப்பு வட்டியை நிர்ணயித்தார்கள். 1930-இல் பர்மா முழுவதும் 1,600-க்கும் மேற்பட்ட கடைகள் இருந்தன. கீழ்ப் பர்மாவின் மக்கள் நிறைந்த பகுதிகளில், ஒரு நாள் பயணத் தொலைவுக்குள் ஒரு செட்டியார் கடை இல்லாத விவசாயி அரிது என்ற நிலை.

இரண்டு சித்திரங்கள்

1929-இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு அமைக்கப்பட்டு, 1930-இல் அதன் அறிக்கை வெளியானது. அக்காலத்து நகரத்தார் தொழிலைப் பற்றி எழுதும் எவரும் இதைத் தொடாமல் போக முடியாது. கடைகளின் எண்ணிக்கை, முதல், வட்டி, கணக்கு வைக்கும் முறை என்று அவ்வளவும் அதில் பதிவாகியுள்ளன.

குழுவின் முன் பலர் சாட்சியம் அளித்தார்கள். கரேன் இனத்தைச் சேர்ந்த ஒரு சாட்சி, செட்டியார் கடைகளை, தாம் ஊர்ந்து செல்லும் நிலத்தையெல்லாம் பொசுக்கிவிடும் தீக்கக்கும் நாகத்துக்கு ஒப்பிட்டார். கடுமையான உவமை. எழுதுபவர்களுக்கு மிகவும் பிடித்துப்போன உவமையும்கூட. பர்மா செட்டியார்களைப் பற்றிய ஆய்வுகளில் அது திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு ஒரு மாணவர் எழுதுகிறார்: ‘1930-ஆம் ஆண்டு அறிக்கை செட்டியார்களைப் பற்றி இருண்ட சித்திரத்தைத் தீட்டுகிறது.’ பிழை இங்கேதான் நுழைகிறது. தீட்டியது அறிக்கை அன்று. அறிக்கைக்காக நடந்த விசாரணையில் பேசிய ஒரு சாட்சி. குழுவின் சொந்தக் கணிப்பு வேறு வகையானது. மற்ற வட்டிக்காரர்கள் வாங்கியதைவிடச் செட்டியார்களின் வட்டி பொதுவாகக் குறைவு என்பதை அது பதிவு செய்தது. அவர்களுடைய தொழில் ஒழுங்கையும் கணக்கின் நேர்மையையும் மதித்தே எழுதியது. சாட்சியின் வாயில் வந்ததை அறிக்கையின் வாயில் போட்டுவிட்டால் இந்த வேறுபாடு முழுவதும் காணாமல் போகிறது. அடுத்தவர் இன்னும் ஒரு படி மேலே போய், ‘செட்டியார்கள் நிலத்தைப் பொசுக்கினார்கள் என்று 1930 அறிக்கை நிறுவியது’ என்று எழுதுவார். இரண்டே வாக்கியத்தில் ஒருவரின் கோபம் அரசு ஆவணமாகிவிட்டது.

மறுபக்கத்துச் சித்திரமும் இருந்தது. பர்மாவின் ஆளுநராக இருந்த சர் ஹார்கோர்ட் பட்லர் 1920-களில், செட்டியார்களின் கடன் உதவி இல்லாமல் அம்மாகாணம் இவ்வளவு வளர்ந்திருக்காது என்ற பொருளில் அவர்களைப் புகழ்ந்தார். எங்கள் ஊர்ப்பக்கம் வெளியாகும் மலர்களிலும் மேடைகளிலும் இந்தப் புகழ்ச்சி நன்றாகவே உலவுகிறது; நாகத்தின் உவமையைக் காணோம். பர்மியத் தரப்பு எழுத்துகளில் இது நேர்மாறாக இருப்பதில் வியப்பில்லை. ஆளுநரும் ஒரு சித்திரக்காரர்தான். அரிசி ஏற்றுமதி பெருகப் பெருக வருவாய் பெற்ற அரசின் தலைவர் அவர். அவர் தீட்டியதையும் ‘-ஆக’ போட்டுத்தான் எழுத வேண்டும்.

விலை விழுந்த பிறகு

குழு அறிக்கை வெளியான ஆண்டிலேயே நிலைமை தலைகீழானது. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை பாதியளவுக்கு விழுந்தது. விவசாயியால் அசலும் கட்ட முடியவில்லை, வட்டியும் கட்ட முடியவில்லை. அடமானமாக இருந்த நிலம் கடன்கொடுத்தவர் பெயருக்கு மாறத் தொடங்கியது. கீழ்ப் பர்மாவின் 13 முதன்மை நெல் மாவட்டங்களில் 1930-இல் 6 விழுக்காடு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1930-களின் இறுதியில் அது 25 விழுக்காடு. நான்கில் ஒரு பங்கு.

இந்த எண்களைப் பற்றி, ‘புள்ளிவிவரங்கள் இருண்ட சித்திரத்தைக் காட்டுகின்றன’ என்று எழுதினால் அது முறையான பயன்பாடு. எண்கள் விவரிக்கும், அவை எழுவாயாக வரலாம். ‘ப்ளீக்’ என்ற சொல்லுக்கு மிகப் பொருத்தமான இடமும் இதுவே. யாருக்கு இருண்டது என்று கேட்டால் இருவருக்குமே. நிலத்தை இழந்த விவசாயிக்குத் தான் வெட்டிய காட்டிலேயே குத்தகைக்காரனாக நிற்கும் நிலை. வட்டிக்கடைக்காரர் கேட்டது பணம்; வந்ததோ விற்க முடியாத நிலம். பேரேட்டில் சொத்து ஏறியது, பெட்டியில் ரொக்கம் இல்லை. நிலம் வேண்டும் என்று திட்டமிட்டுப் பறித்தார்கள் என்பதைவிட, விலை விழுந்ததால் நிலம் வந்து சேர்ந்தது என்பதே நடந்ததற்கு நெருக்கமானது என்று கருதுகிறேன். ஆனால் பறிபோனவனுக்கு அந்த வேறுபாட்டால் என்ன ஆறுதல்? ஊர்ப்பாசத்தில் இதை மறைத்து எழுதுவதும் ஒரு வகைத் தவறான சித்திரிப்புதான்.

மந்தத்தோடு வன்முறையும் வந்தது. 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை ஒட்டி இந்தியருக்கு எதிரான கலவரம் வெடித்தது. அதே ஆண்டு டிசம்பரில் சாயா சான் தலைமையில் விவசாயிகள் கிளர்ச்சி தாராவடியில் தொடங்கியது. 1937-இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. 1938-இல் மீண்டும் கலவரம். இவற்றுக்கெல்லாம் வட்டிக்கடை ஒன்றே காரணம் என்று எழுதுவோர் உண்டு. துறைமுகத்தில் அடிபட்டவர்கள் மூட்டை தூக்கிய கூலிகள். அவர்களுக்கும் அடமானப் பத்திரத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ‘இந்தியர்’ என்ற ஒரே வண்ணத்தைப் பூசினால் கூலியும் முதலாளியும் ஒன்றாகிவிடுகிறார்கள்.

‘கிரிம்’ என்ற சொல்லுக்கு உரிய ஆண்டு

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூன் மீது குண்டு வீசின. 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள். மற்றவர்கள் நடந்தார்கள். அரக்கான் மலைகளைக் கடந்து கடற்கரைக்கும், தாமு வழியாக மணிப்பூருக்கும் லட்சக்கணக்கானோர் நடந்தனர். காலரா, மலேரியா, பசி ஆகியவற்றுக்குப் பல்லாயிரம் பேர் பலியானார்கள். ரங்கூனில் ‘ஜோதி’ இதழை நடத்திய வெ. சாமிநாத சர்மா அப்படி நடந்து வந்தவர்களில் ஒருவர். தம் அனுபவத்தைப் பர்மா வழிநடைப் பயணம் பற்றிய நூலாக எழுதினார்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ‘சர்மாவின் நூல் அந்தப் பயணத்தின் கொடுமையைச் சித்திரிக்கிறது’ என்பது சரி. நூல் ஒரு விவரிப்பு, அதை எழுதியவர் கண்ணால் கண்டவர். ஆனால் ‘வழியில் மக்கள் இறந்ததாகச் சித்திரிக்கப்படுகிறது’ என்று எழுதக்கூடாது. இறந்தது ஐயத்துக்கு இடமில்லாத நிகழ்ச்சி. அதில் ‘-ஆக’ போட்டு விலகி நின்றால், நடந்ததா இல்லையா என்ற சந்தேகத்தை வாசகர் மனத்தில் நாமே விதைக்கிறோம். ‘மக்கள் இறந்தார்கள்’ என்றே எழுத வேண்டும். உறுதியானதில் சித்திரத்தைக் கொண்டுவருவதும், உறுதியாகாததில் சித்திரத்தை விட்டுவிடுவதும் சம அளவிலான பிழைகள்.

புனைகதையில் இச்சிக்கல் குறைவு. அங்கே தீட்டுபவர் யார் என்பது அட்டையிலேயே இருக்கிறது. காரைக்குடியில் ராய. சொக்கலிங்கன் நடத்திய ‘ஊழியன்’ இதழில் சிறிது காலம் வேலை பார்த்த புதுமைப்பித்தன், 1935-இல் ‘மணிக்கொடி’யில் ‘துன்பக்கேணி’ எழுதினார். இலங்கைத் தேயிலைத் தோட்டக் கூலிகளின் வாழ்வைக் காட்டும் கதை அது. அதை ஆங்கிலத்தில் அறிமுகப்படுத்தும் ஒருவர் ‘பெயிண்ட்ஸ் எ கிரிம் பிக்சர்’ என்று தயங்காமல் எழுதலாம். கடல் கடந்து போனவர்களின் கதையை வட்டிக்கடைப் படிக்கட்டிலிருந்து பார்ப்பதற்கும் தோட்டத்து லயத்திலிருந்து பார்ப்பதற்கும் உள்ள தூரத்தை உணர, மாணவர்கள் இக்கதையைப் படிப்பது நல்லது.

இன்றைய பயன்பாடு

விடுதலை பெற்ற பர்மா 1948-இல் நிலத் தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. நகரத்தார் பெயரிலிருந்த வயல்கள் கைவிட்டுப் போயின. 1963-இல் வங்கிகளும் அரசுடைமையாயின. பர்மாத் தேக்கில் தூண் நிறுத்திக் கட்டிய வீடுகள் பல இங்கே பூட்டிக் கிடந்தன. சில கட்டுக் கட்டாகப் பிரித்து விற்கப்பட்டன. இப்போது செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி வரும் ஆங்கிலக் கட்டுரைகளில் நம் தொடர் தவறாமல் இடம்பெறுகிறது. ‘செட்டிநாட்டு மாளிகைகள் இருண்ட சித்திரத்தைத் தீட்டுகின்றன’ என்று தமிழிலும் ஒரு மொழிபெயர்ப்பைப் படித்தேன். வீடு எதையும் தீட்டாது. கட்டுரையாளர் எந்த ஊரில் எத்தனை வீடுகளைப் பார்த்தார், அவற்றில் எத்தனை பூட்டிக் கிடந்தன என்று எழுதியிருந்தால் அந்தத் தொடரே தேவைப்பட்டிருக்காது. பூட்டிய வீடுகளுக்கு அடுத்த தெருவிலேயே, கல்யாணத்துக்கும் படைப்புக்கும் பங்காளிகள் கூடி வெள்ளையடித்து வைத்திருக்கும் வீடுகளும் இருக்கின்றன.